நேத்து சார்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிஷம். குருவிநத்தத்துக்காரன் ஒருவன் சைக்கிளை வெளியே நிறுத்தக்கூட நேரமில்லாமல், பாகூர் மேரிக்குள் உருட்டிக்கொண்டே வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றான். மேரி என்றால் கொம்யூன் ஆபீஸ். வெள்ளைக்காரன் போய் ஆறேழு வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அங்கே குமாஸ்தாவாக இருந்த நானும் போகவில்லை. சைக்கிளிலிருந்து சேறும் தண்ணீரும் சொட்டின.

"ஆத்துல தண்ணி எகிறிகினு வருது சார். மேக்கால நல்ல மழையாம். நடவுக்குப் போன பொம்பளைங்க அந்தாண்ட மாட்டிகினாங்க. ஒங்க பொண்ணும் கூடப் போயிருக்குதாமே?"

எனக்குத் தெரிந்து என் மகள் அடுத்த அறையில் உட்கார்ந்து தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். அவளுக்கு வேலை கொடுத்த அதிகாரி மட்டும் இருந்தார். பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"என் மகள் எங்கே?"

"அக்கரைக்கு அனுப்பியிருக்கேன் சார்" என்றார், தபால் வாங்கிவர அனுப்பியது போல. "உங்ககிட்ட சொன்னா விட மாட்டீங்கன்னு அந்தப் பொண்ணேதான் சொல்லுச்சு."

அந்த மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்று எங்கேயோ பெரிய நாற்காலியில் இருப்பார். நான் ஏசியிருப்பது கண்ணில் பட்டால், ஏசுகிறவர்களுக்கென்று ஒரு கட்டம் போட்டு என்னை அதில் உட்கார வைத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் பாகூரிலிருந்து வில்லியனூர் வரை அவருக்கு ஒரே பெயர்தான்: நேத்து சார்.

அவர் வந்தது ஐந்தாண்டுத் திட்டத்துக்காக. இன்னும் ஐந்து வருஷத்தில், பத்து வருஷத்தில் எந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும், எதில் ஆள் போதாமல் போகும், எதில் மிஞ்சும் என்று இப்போதே சொல்லியாக வேண்டுமாம். வயல் இத்தனை, ஆலை இத்தனை, ஆபீஸ் இத்தனை. அதைப் பார்த்துத்தான் எங்கே எந்தப் பள்ளிக்கூடம் கட்டுவது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று மேலே முடிவு செய்வார்கள். புதுச்சேரி புதிதாகச் சேர்ந்த பூமி. பழைய தாள்கள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. பிரெஞ்சைப் படித்துச் சொல்ல நான் இருந்தேன். அப்படித்தான் அவர் எனக்குப் பக்கத்து அறைக்காரர் ஆனார்.

தெற்கத்தி ஆள். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. கல்கத்தாவில் புள்ளியியல் படித்தவர். சட்டைப் பொத்தானில் நூல் கட்டி அதில் ஒரு ரப்பரைத் தொங்கவிட்டிருப்பார். பேனாவைத் தொடவே மாட்டார். "மையில எழுதிட்டா ஆள் அங்கேயே ஒட்டிக்குவான் சார், அப்புறம் நகர்த்த முடியாது" என்பார். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது, "காலையில பாதி நெசவுக்காரங்களை மில்லுக்கு மாத்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஊறுகாயைத் தேடுவார். தங்களை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது தெரியாமல் நெசவுக்காரர்கள் தறியில் உட்கார்ந்திருப்பார்கள்.

யாரைப் பார்த்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "நேத்து காலையில எழுந்ததிலேர்ந்து என்ன செஞ்சீங்க?"

ஏனய்யா இப்படிக் கேட்டு உயிரை வாங்குகிறீர், நேராக என்ன வேலை என்று கேட்டால் என்ன என்றேன். "என்ன வேலைன்னு கேட்டா மானத்துக்குத் தகுந்த மாதிரி சொல்வாங்க சார். நேத்தைக் கேட்டா மாட்டிக்குவாங்க" என்றார். போலீஸ்காரருக்குப் போகவேண்டிய புத்தி திட்டத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வில்லியனூரில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, கடல் தாண்டிப் போய்வந்து, பென்ஷனில் இருப்பவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவரிடமும் இதே கேள்வி.

"காப்பி குடிச்சேன். மூஞ்சி வழிச்சேன். சட்டை போட்டேன். பூட்ஸ் தொடச்சேன்."

"அப்புறம்?"

"சட்டையைக் கழட்டனேன். வெய்யிலா இருந்துச்சு."

"வேலைன்னு எதுவும்..."

"யோவ், நா சொல்தாய்யா!"

வேலை இல்லாதவர் என்று எழுதலாம் என்றால், அவர் வேலை தேடவில்லை. வேலை செய்கிறவர் என்று எழுதலாம் என்றால், பூட்ஸ் துடைப்பது அதில் வராது. நேத்து சார் மூன்று நாள் அந்தத் தாளையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சேவைத் துறையில் வைத்தார். "யாருக்குய்யா சேவை? அந்த சர்க்காரே கப்பலேறிப் போயாச்சே" என்றேன்.

"அதான் பென்சில்ல எழுதியிருக்கேன்."

பாகூர் ஏரிப் பக்கம் ஒரு வீடு. புருஷன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்கு என்ன வேலை என்று நான்தான் வாய் தவறிக் கேட்டேன். "அவ இன்னா வேல செய்றா? சும்மா வூட்ல கீறா" என்றான். சும்மா இருந்தவள் வெளியே வந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. நேத்து சார் தன் கேள்வியைக் கேட்டார். அவள் புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கோழி கூவசொல்ல எழுந்தேன். சாணி தெளிச்சேன், தண்ணி எடுத்தாந்தேன், கஞ்சி காச்சினேன். நடவுக்குப் போனேன். திரும்பி வரசொல்ல மாட்டுக்குப் புல்லு அறுத்தாந்தேன். வந்து நெல்லு குத்தனேன். சோறாக்கனேன்..."

"இவ்ளோ வேலயாடி செஞ்ச?" என்றான் புருஷன். நிஜமான ஆச்சரியம்.

"நீ பாயில கெடந்த. ஒனக்கு இன்னா தெரியும்?"

ஒரே நாளில் அந்தத் தெருவில் சும்மா இருந்த பெண்கள் அத்தனை பேரும் விவசாயத்துக்கு மாறினார்கள். என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தவர் என் மனைவியிடமும் கேட்டுத் தொலைத்தார். ஒரு பக்கம் போதாமல் தாளைத் திருப்பி எழுதினார். அவள் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், மறுநாளிலிருந்து கிணற்றுத் தண்ணீர் நான் இறைப்பதாயிற்று. ஐந்தாண்டுத் திட்டத்தால் எங்கள் குடும்பத்தில் முதலில் வேலை கிடைத்தது எனக்குத்தான்.

இவ்வளவு துருவிக் கேட்கிற மனிதருக்கு ஆட்களின் மேல் அக்கறை என்றுதானே நினைப்போம்? அங்கேதான் எனக்கு அவரிடம் ஒரு நெருடல். முடிவெட்டுகிறவரின் கடையில் அதைக் கண்டேன். நேத்து சாரின் முகத்தில் சோப்பு நுரை. கத்தி பாதிக் கன்னத்தைத் தாண்டியிருந்தது.

"எங்க தொழிலு இன்னா சார் ஆவும்? பெருகுமா, கொறையுமா?"

"பெருகும்."

"அப்ப நா நல்லா இருப்பேன்."

"நீங்களான்னு சொல்ல முடியாது. அந்தத் தொழில்ல யாரோ சிலர் நல்லா இருப்பாங்க."

"நா இருப்பேனா, இருக்க மாட்டேனா?"

"ஒரு ஆளைப் பத்தி எப்படிங்க சொல்றது?"

கத்தி நின்றது. "அந்த யாரோவுக்கு நா எதுக்கு சார் நேத்து பூரா ஒப்பிச்சேன்?" என்று கேட்டுவிட்டு, கத்தியை மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் அவர். மீதிப் பாதி முகத்தை நேத்து சார் அறைக்குப் போய்த் தானே வழித்துக்கொண்டார். அவருக்குக் கோபமே வரவில்லை. பதில் சரியாக இருந்தது, கேட்டவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் அவருக்கு.

என் முறையும் வந்தது. பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தாக்கள் இன்னும் பத்து வருஷத்தில் எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்று, யாரோ மூன்றாம் மனிதருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். தாளைப் புரட்டிக் காட்டினார். மற்ற கட்டங்களிலெல்லாம் எண் இருந்தது. எங்கள் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது.

"பூஜ்யமா?"

"சேச்சே. பூஜ்யம்னா யாருமே வேண்டாம்னு அர்த்தம். இது, எழுதற அளவுக்கு இல்லேன்னு அர்த்தம்."

ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துச் சிரித்தார். எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. பென்ஷன் வரைக்கும் அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்துவிடலாம். என் ஒரே மகளும் பிரவே என்ற பள்ளிப் பரீட்சை வரை பிரெஞ்சில் படித்தவள். இருபது வயது. கல்யாணத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ வேலை வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் நானே வெட்கத்தை விட்டு, அவளுக்கு ஏதாவது பார்த்துச் செய்யக்கூடாதா என்று அவரிடம் கேட்டேன். ஆம், நான்தான் கேட்டேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அவருக்கும் ஒரு பெண் தேவைப்பட்டாள். பெண்களிடம் ஆண்கள் போய் நேற்றைக் கேட்டால் பாதிதான் சொன்னார்கள். என் மகள் போனாள், முழுசாகச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் அவள் கொண்டுவந்த தாள்களைப் பார்த்து அவர் ரப்பரை எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது. "வயசுப் பொண்ண தெருத் தெருவா அலையவுட்டா எவன் கேட்டு வருவான்?" என்று என் மனைவி என்னைத்தான் கரித்துக்கொட்டினாள்.

பிறகுதான் குருவிநத்தத்து விவகாரம் முளைத்தது. எங்கள் ஊர் எல்லை எப்படிப்பட்டது என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரம் நாங்கள், அப்புறம் மதராஸ் ராஜ்யம், மறுபடியும் நாங்கள். வீடு இங்கே, வயல் அங்கே. குருவிநத்தத்தில் தென்பெண்ணை ஆற்றுக்கு இக்கரை எங்களுடையது, அக்கரை அவர்களுடையது. ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது இந்தக் கரைப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நடந்து அக்கரைக்கு நடவுக்குப் போவார்கள். ஒரு ராஜ்யம் விட்டு இன்னொரு ராஜ்யம் போகிறோம் என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை.

திட்டத்துக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. எங்கள் தாளில் இந்தப் பெண்கள் இருந்தார்கள்; அவர்கள் நடும் வயல் இல்லை. அந்தப் பக்கத்துத் தாளில் வயல் இருந்தது. நடுவது யாரென்று இல்லை. நேத்து சாரின் கணிப்புப்படி குருவிநத்தத்தில் ஆள் மிச்சம். மிச்சம் என்று எழுதப்பட்டவர்கள் பகலெல்லாம் இடுப்பு ஒடிய நட்டுக்கொண்டிருந்தார்கள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். வேறு ராஜ்யத்து வயல் நமக்கு எதற்கு என்று பதில் வந்தது.

"ஆத்துக்கு நடுவுல ஆள் காணாமப் போறாங்க சார்" என்றார் என்னிடம், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

அந்தப் பெண்களோடு ஒரு நாள் ஆற்றைக் கடந்து போய், எத்தனை பேர், எந்த வயல், எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டுவா என்று அவர் என் மகளை அனுப்பியது அதற்காகத்தான். அது ஐப்பசி மாசம். எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஐப்பசியில் ஆறு இங்கே மழை பெய்ததா என்று பார்த்துக்கொண்டு வராது. எங்கோ மேற்கே பெய்தால் போதும். தேசத்தில் பத்து வருஷத்துக்குப் பிறகு நடக்கப்போவதை எழுதுகிறவருக்கு அது தெரியவில்லை. பெண்களுக்கும் தெரியும்தான், நாற்று முற்றினால் கூலி போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

குருவிநத்தத்துக்கு நான் சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் அந்த மனிதரை ஏசிக்கொண்டே போனேன். அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். தாள் சுருளை மடியில் கட்டிப் பிடித்திருந்தார். அதை விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆறு கரையை முட்டிக்கொண்டு போனது. காப்பி நிறத் தண்ணீர். அக்கரையில் பனைமரங்கள் மட்டும் தெரிந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. கரையில் நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தண்ணீரைப் பார்த்ததும் பொம்பளைகள் இந்தப் பக்கம் இறங்கினதைப் பார்த்தேன் என்றான் ஒருவன். இல்லை, மேட்டைப் பார்த்து ஓடினார்கள் என்றான் இன்னொருவன். அப்போது ஒரு நாற்றுக் கூடை சுழன்று சுழன்று எங்களைத் தாண்டிப் போனது.

நேத்து சார் சுருளைப் பிரித்தார். "பதினேழு பேர். உங்க பொண்ணோட பதினெட்டு" என்றார்.

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். ரப்பர் கட்டியிருந்த பொத்தான் பிய்ந்து என் கையோடு வந்தது. "பத்து வருஷம் கழிச்சு எவன் எங்க இருப்பான்னு எழுதறியே, எம் பொண்ணு இப்ப எங்கடா இருக்கா? சொல்லுடா!"

நான் மரியாதை தவறியதை அவர் கவனித்த மாதிரியே இல்லை. ஆற்றைப் பார்த்தார். அவர் மனதுக்குள் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றும் ஆகாது சார் என்று ஊரில் எந்த முட்டாளும் சொல்லியிருப்பான். அவருக்கு அது வரவில்லை.

"பெரும்பாலும் வந்துருவாங்க சார்" என்றார்.

பெரும்பாலும்! பதினெட்டு பேரில் பெரும்பாலும். இன்றைக்கும் பெரும்பாலும் நாளைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னால்கூட நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

அவரை நான் அடித்திருப்பேன். அதற்குள் அவர் சுருளைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். தண்ணீருக்குள் நடக்க ஆரம்பித்தார். இடுப்பளவு போனதும் கால் தடுமாறி ஆள் சாய்ந்தார். குருவிநத்தத்து ஆட்கள் இரண்டு பேர் பாய்ந்து காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். கண்ணாடி ஆற்றோடு போய்விட்டது.

"நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்பறம் இன்னா மயித்துக்கு எறங்கன?"

அவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காணாமல் போனவர்களின் பட்டியலில் தானும் ஒருவராகச் சேர்ந்து கணக்கை இன்னும் குழப்பப் பார்த்தார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனாலும் என் மேல்துண்டை எடுத்து அவர் தலையில் போட்டேன். ஏன் போட்டேன் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை.

மத்தியானமாயிற்று. என் மனைவி யாருடைய வண்டியிலோ வந்து இறங்கினாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். நேராகத் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். அதைவிட ஏசியிருக்கலாம்.

மூன்று மணிக்கு மேல் கடலூர் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு கரும்பு லாரி வந்தது. பெண்கள்! அக்கரையிலேயே கிழக்கே நடந்து, பாலத்தைப் பிடித்து, லாரிக்காரனை மறித்து ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கரை முழுக்கக் கூச்சல். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இறங்கினார்கள், இறங்கினார்கள், லாரி காலியாகிவிட்டது. என் மகள் இல்லை.

பதினாறு பேர் என்று பக்கத்தில் நேத்து சார் முணுமுணுத்தார். கண்ணாடி இல்லாமல் எப்படித்தான் எண்ணினாரோ.

நடவுக்காரிகளுக்குத் தலைவி மாதிரி இருந்த அம்மாக்கண்ணு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேட்டுல ஏறி நின்னதும் ஒங்க பொண்ணு நோட்ட எடுத்து எங்கள எண்ணிச்சும்மா. பூங்காவனம் இல்லன்னு சொல்லிச்சு. முன்னாடி போயிருப்பா, வாடின்னு நாங்க இழுத்தோம். கேக்கல. திரும்பி வயலுக்கே போயிடுச்சு. தண்ணி வயலுக்குள்ள பூந்துகினு இருந்துச்சு. நாங்க கூப்ட்டோம், கத்தனோம்..." அதற்கு மேல் அவள் அழுதாள்.

பூங்காவனம் என்பது அவர்களிலேயே வயதானவள். தனி ஆள். அவளுக்காகக் கரையில் யாரும் வந்து நிற்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு கூலிக்காரிக்காக என் மகளா என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடியது. ஓடியதை எழுதித்தான் ஆகவேண்டும். திரும்பி நேத்து சாரைப் பார்த்தேன். அவர் கையில் பென்சில் இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. பெரும்பாலும் என்று சொன்ன அந்த வாயிலிருந்து, "ரெண்டு பேர்... ரெண்டு பேர் சார்..." என்பதைத் தவிர வேறு வரவில்லை.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருக்கும். அதை நான் எழுத மாட்டேன்.

அதே ரோட்டில் ஒரு மாட்டு வண்டி வந்தது. வைக்கோலின் மேல் ஒரு கிழவி காலை நீட்டிப் படுத்திருந்தாள். கணுக்கால் பானைபோல் வீங்கியிருந்தது. என் மகளின் தாவணியைக் கிழித்து அதில் கட்டியிருந்தது. பக்கத்தில் தலை முதல் கால் வரை சேறாக ஒரு உருவம். அது என் மகள்தான் என்று என் மனைவி ஓடியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என்னால் ஓட முடியவில்லை. வண்டியே என்னிடம் வந்து நின்றது. என் மகள் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் எழுந்து உட்கார்ந்து, என்னையும் எனக்குப் பின்னால் நின்ற நேத்து சாரையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னாள்:

"காலு பெசகி வரப்புக்குப் பின்னால கெடந்தேன் ஐயா. போடி, நா ஒரு கெழவி, நா இல்லன்னா ஒங்க கணக்குல இன்னா கொறஞ்சிடப் போவுதுன்னேன். ஒண்ணு கொறையும்னு சொல்லிட்டு முதுவுல தூக்கிகினா."